கடன் இருக்கும்போது சேமிக்கலாமா?

வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3.5% என்றால் 1,750 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 2,065. அதே ஆள் திண்டுக்கல் தபால் ஆபீஸில் மாதம் 5,000 ஆர்.டி. போட்டால், 6.7% வட்டிப்படி முதல் வருஷம் முழுக்கச் சேர்வது சுமார் 2,200தான். கார்டு ஒரே மாதத்தில் தின்பதைச் சம்பாதிக்க ஆர்.டி.க்கு ஒரு வருஷம்!

அதற்காகக் கையைத் துடைத்துவிட்டு கடனை அடைப்பதும் வம்புதான். திடீர் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நகை அடகுக்குப் போகும். ஒரு மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் சேவிங்ஸ் கணக்கில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை கார்டுக்குத் திருப்பலாம். மாதம் 10,000 கட்டி, புதுசாகத் தேய்க்காமலும் இருந்தால் ஆறு மாதத்தில் பாக்கி தீரும். ஆர்.டி. அதற்கப்புறம்.