வீட்டுக்குள் ஆகாய விமானம்! காசு கொடுத்து வாங்கலாமா?

பண்ருட்டியில் பலாப்பழம் வாங்குகிறவர் அதன் நிறத்தைப் பார்த்து ஏமாற மாட்டார். விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார். சத்தம் எப்படி வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். முள் விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். குனிந்து வாசனை பிடிப்பார். அப்புறம்தான் விலை பேசுவார்.

இன்று வேறொரு சாமான் வீடுகளுக்குள் வருகிறது. அதைக் கையால் தொட முடியாது. தட்டவும் முடியாது, முகர்ந்து பார்க்கவும் முடியாது. ஆனால் விலை மட்டும் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் பறக்கும் ஆகாய விமானம்தான் அது.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் முந்திரிப் பருப்பு வியாபாரி. மகன் பதினோராம் வகுப்பு மாணவன். பையன் மெதுவாகப் பேச்சை எடுக்கிறான்.

"அப்பா, ஒரே ஒரு விமானம் வாங்கித் தாங்கப்பா. மூவாயிரம் ரூபாய்தான்."

"ஏண்டா, அந்த விளையாட்டிலேயே இருபது விமானம் இருக்குதுன்னு சொன்னியே?"

"அதெல்லாம் சாதாரணம்பா. இது நிஜ விமானம் மாதிரியே இருக்கும்!"

நிஜம் மாதிரி என்றால் என்ன? பையனுக்கும் அது சரியாகத் தெரியாது. விளம்பரத்தில் அப்படிப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். மூவாயிரம் ரூபாய் என்பது ஒரு குடும்பத்தின் ஒரு மாதப் பால் செலவு. அதைக் கொடுக்கும் முன் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்பதில் தவறில்லை.

விளையாட்டாகத் தொடங்கியது

தரையில் இருந்துகொண்டே பறக்கப் பழகும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-ல் ஒரு பெட்டி செய்தார். அவருடைய தகப்பனார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனில் காற்றை ஊதும் துருத்திகளை எடுத்து, குட்டி விமானம் போன்ற அந்தப் பெட்டியின் அடியில் மகன் பொருத்தினார். உள்ளே இருப்பவர் பிடியை அசைத்தால் பெட்டி சாயும், திரும்பும். ஆரம்பத்தில் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தான் அதை வாங்கினார்கள்.

1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கும் வேலையில் இறங்கினார்கள். மேகத்துக்குள் திசை தெரியாமல் பலர் விழுந்து மாண்டார்கள். அதன் பிறகே ராணுவம் லிங்கின் பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பழகினார்கள்.

கம்ப்யூட்டர் வந்ததும் பெட்டி திரைக்குள் போயிற்று. மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் முதல் ஃப்ளைட் சிமுலேட்டரை 1982-ல் வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் வந்த பதிப்பு எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த நிஜப் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் அதில் விரித்துவிட்டார்கள். அடுத்த பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. எக்ஸ்-பிளேன் என்று போட்டிச் சரக்கும் ஒன்று உண்டு. ஃப்ளைட்கியர் என்பது காசே இல்லாமல் கிடைப்பது.

இவற்றோடு சில விமானங்கள் சேர்ந்தே வரும். போதாதென்று நினைப்பவர்களுக்காக வேறு கம்பெனிகள் தனித்தனி விமானங்களைச் செய்து விற்கின்றன. சிறிய விமானம் ஒன்று ஆயிரம் ரூபாயிலிருந்து மூன்றாயிரம், நாலாயிரம் வரை போகிறது. இதுதான் பையன் கேட்கும் கூடுதல் விமானம்.

புதுச்சேரிக்கு வந்த ஹன்ஸா

நிஜமான சிறிய விமானத்தை நிபுணர்கள் எப்படித் தட்டிப் பார்க்கிறார்கள்? இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பண்ருட்டியிலிருந்து ஆகாய மார்க்கமாக சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரியிலேயே அது நடந்தது.

பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் ஹன்ஸா என்ற இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானத்தை உருவாக்கியிருக்கிறது. அதன் புதிய வடிவம் முதன்முதலில் 2021 செப்டம்பரில் பறந்தது. 2022 பிப்ரவரி 19-ந் தேதி அந்த விமானம் பெங்களூரிலிருந்து கிளம்பி, ஒன்றரை மணி நேரத்தில் புதுச்சேரிக்கு வந்து இறங்கியது. மார்ச் முதல் வாரம் வரை இங்கே தங்கிச் சோதனைகளை முடித்தது.

பெங்களூரில் இடம் இல்லையா, புதுச்சேரிக்கு ஏன் வர வேண்டும்? காரணம் காற்று. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று சற்று மெலிவு. புதுச்சேரியோ கடற்கரை, காற்று கனம். மெலிந்த காற்றில் இறக்கையும் இன்ஜினும் ஒரு விதமாக வேலை செய்யும், கனத்த காற்றில் வேறு விதமாக. ஆகவே இரண்டு இடத்திலும் பார்த்தால்தான் விமானத்தின் முழுக் குணம் தெரியும். எப்படி ஏறுகிறது, எப்படி ஓடுகிறது, இறங்கப் போய் வேண்டாம் என்று மறுபடி கிளப்பினால் என்ன செய்கிறது என்றெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். விமானத்தின் வர்ணம் அழகாக இருக்கிறதா என்பது அந்தப் பட்டியலில் இல்லை!

வீட்டிலேயே செய்யும் சோதனை

இந்தச் சோதனையைத் திரை விமானத்துக்கும் செய்யலாம். செஸ்னா 172 என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். நாலு பேர் உட்காரும் சிறிய விமானம். 1955-ல் முதலில் பறந்தது. இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறெந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. இதற்கு ஒரு விமானிக் கைப்புத்தகம் உண்டு. எந்த எடையில் எவ்வளவு தூரம் ஓடும், எவ்வளவு வேகத்தில் ஏறும் என்று அட்டவணை போட்டு அதில் அச்சடித்திருக்கிறது. அந்தப் புத்தகம்தான் தராசு. திரை விமானம் அதன்படி நடக்கிறதா என்பதே கேள்வி.

முதலில் பையனைப் புதுச்சேரியிலிருந்து கிளம்பச் சொல்லுங்கள். ஓடுபாதையில் எவ்வளவு தூரம் ஓடி விமானம் எழும்புகிறது என்று பார்க்கட்டும். பிறகு அதே எடையில், அதே வெப்பத்தில், பெங்களூரிலிருந்து கிளம்பட்டும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஓட வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழும்பினால் அது விமானமே அல்ல, விமானப் படம்!

அடுத்தது சுமை. செஸ்னா 172-ன் பிந்திய வடிவமான எஸ் ரகம் மொத்தம் 1,157 கிலோவுக்கு மேல் கனக்கக் கூடாது. டாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றி, வாட்டசாட்டமான நாலு பெரியவர்களை ஏற்றினால் இந்த எல்லை தாண்டிவிடும். பிறகு இரண்டு பலாப்பழத்தை எங்கே வைப்பது? முழுச் சுமையோடு கடல் மட்டத்தில் கிளம்பினால் இது நிமிஷத்துக்கு 730 அடிதான் ஏறும். திரை விமானம் சுமை ஏற்றிய பிறகும் பட்டம் மாதிரி ஜிவ்வென்று ஏறினால், செய்தவர்கள் கணக்கைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

முக்கியமான சோதனை இனிமேல்தான். விமானத்தை ஒழுங்காக ஓட்டும்போது மலிவான சரக்கும் ஒழுங்காகவே பறக்கும். தப்புச் செய்யும்போதுதான் சாயம் வெளுக்கும்.

இன்ஜின் வேகத்தைக் குறைத்து மூக்கை மெல்ல மெல்ல மேலே தூக்கினால் என்ன ஆகும்? வேகம் மணிக்கு 90 கிலோமீட்டருக்குக் கீழே போகும்போது இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது. அதற்குச் சற்று முன்னாலேயே எச்சரிக்கைக் குழல் ஊதும். பிடி தளர்ந்து வரும். விமானம் நடுங்கி மூக்கைக் கவிழ்க்கும். பயிற்சிப் பள்ளியில் வாத்தியார் இதை மாணவனுக்குத் திரும்பத் திரும்பச் செய்து காட்டுவார், ஏனென்றால் தரைக்கு அருகில் இது நடந்தால் உயிர் போய்விடும். திரை விமானம் இந்த இடத்தில் பொம்மை மாதிரி அந்தரத்தில் நின்றால், அதற்குக் கொடுக்கும் காசு வீண்.

இன்ஜினை நிறுத்தியும் பார்க்கலாம். 3,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால், சரியான வேகத்தில் மிதந்துகொண்டு வரும் செஸ்னா சுமார் 8 கிலோமீட்டர் போய்த் தரை சேரும். பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் போகிறதென்றால் அது செஸ்னா இல்லை, பருந்து.

இன்னொன்று சின்ன விஷயம். ஆனால் செய்தவரின் நாணயத்தைக் காட்டும். பழைய செஸ்னாக்களில் கார்புரேட்டர் இருந்தது. ஈரக் காற்றில் அதற்குள் பனி உறைந்து இன்ஜின் மூச்சுத் திணறும். அதைப் போக்க, சூடான காற்று விடும் பிடி ஒன்று உண்டு. எஸ் ரகத்தில் கார்புரேட்டரே கிடையாது. அந்தப் பிடியும் கிடையாது. ஏதாவது ஒரு திரை விமானத்தில் ரகத்தை மாற்றி அந்தப் பிடி ஒட்டவைக்கப்பட்டிருந்தால், பார்த்து வரைந்தார்களா, பழைய சரக்கைப் புதுப்பித்தார்களா என்று கேட்க வேண்டியதுதான்.

விலை கூடிய சில விமானங்களில் வேறு வித்தையும் இருக்கிறது. இன்ஜினைச் சூடேறவிட்டு முரட்டுத்தனமாக ஓட்டினால், அந்தச் சேதம் நினைவில் நிற்கும். நாளைக்கு மறுபடி கம்ப்யூட்டரைத் திறந்தாலும் இன்ஜின் இருமிக்கொண்டே கிளம்பும். எண்ணெயைப் பார்க்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும். ஏ2ஏ என்ற கம்பெனியின் கமாஞ்சி விமானம் இதற்குப் பேர்போனது. பொறுமையுள்ள பையனுக்கு இது நல்ல பாடம். விழுந்தால் அடுத்த நொடி புது விமானம் வந்துவிடும் என்று பழகியவனுக்கு இது எரிச்சல்தான் தரும். எந்தப் பையன் என்பதைத் தகப்பனார்தான் அறிவார்.

உரிமம் கிடைக்குமா?

இங்கேதான் பல குடும்பங்கள் கனவில் மிதக்கின்றன. கனவுக்குக் காரணமும் இருக்கிறது. 2023-ல் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அந்த ஒரே ஆண்டில் இந்தியாவில் 1,622 பேருக்கு வர்த்தக விமானி உரிமம் வழங்கப்பட்டது. 2024 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இண்டிகோ விமானம் பறக்கத் தொடங்கியது. நெய்வேலியின் ஓடுபாதை 2017-லேயே உடான் திட்டப் பட்டியலில் ஏறியது. 2024 முடியும்வரை அங்கே பிரயாணிகளுக்கான விமானச் சேவை தொடங்கவில்லை என்பது வேறு கதை.

வர்த்தக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியையும் பெற வேண்டுமானால், அதற்கான பயிற்சி 40 மணி. இந்த 40-ல் 20 மணி வரை சிமுலேட்டரில் பழகலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அது சர்க்கார் அங்கீகாரம் பெற்ற யந்திரமாக இருக்க வேண்டும். வீட்டு மேஜையில் ஆயிரம் மணி பறந்தாலும் அந்தக் கணக்கில் ஒரு மணிகூடச் சேராது.

அப்படியானால் பிரயோஜனமே இல்லையா? உண்டு. இன்ஜின் கிளப்பும் வரிசை, கருவிகளின் பெயர், வரைபடம் பார்க்கும் முறை, வானொலியில் பேசும் பாஷை இவையெல்லாம் வீட்டிலேயே மனப்பாடமாகும். பயிற்சிப் பள்ளியில் ஒவ்வொரு மணிக்கும் ஆயிரக்கணக்கில் பணம் கட்டும்போது, கருவியின் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமிராது.

கெட்ட பழக்கமும் ஒட்டும். வீட்டில் பழகியவர்கள் நிஜ விமானத்தில் ஏறியும் ஜன்னலுக்கு வெளியே பாராமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. விமானம் சறுக்கும்போது உட்காரும் இடத்தில் ஓர் உணர்ச்சி வரும். அதை எந்தத் திரையும் தராது.

எதை வாங்கலாம்?

பையன் இப்போதுதான் தொடங்குகிறான் என்றால் எதையும் வாங்க வேண்டாம். ஃப்ளைட்கியரில் செஸ்னா 172 இலவசமாகவே இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் விளையாட்டு வீட்டில் இருந்தால் அதிலும் செஸ்னா சேர்ந்தே வருகிறது. மேலே சொன்ன சோதனைகளை இவற்றில் முதலில் செய்து பார்க்கட்டும். கையிலிருக்கும் சரக்கின் குறை தெரிந்த பிறகுதான் விலை கொடுத்து வாங்குவதன் நிறை தெரியும். மூவாயிரம் ரூபாய் இருந்தால், விமானத்துக்கு முன்னால் ஒரு நல்ல கைப்பிடி வாங்குவது புத்தி. தட்டச்சுப் பலகையைத் தட்டி விமானம் ஓட்டுவது, குச்சியால் சாதம் பிசைவது போலத்தான்.

முதல் பிரயாணத்துக்கு ஒரு வழி உண்டு. புதுச்சேரியில் கிளம்பிக் கடற்கரையோடு தெற்கே வர வேண்டும். தென்பெண்ணை கடலில் விழும் இடத்தைத் தாண்டினால் கடலூர். அங்கே கெடிலத்தின் முகத்துவாரம் தெரியும். ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே திரும்பினால் பத்து நிமிஷத்துக்குள் திருவதிகையும் பண்ருட்டியும் வந்துவிடும். இடது கைப்பக்கம் தூரத்தில் பெரிய பள்ளம் தெரிந்தால் அது நெய்வேலி சுரங்கம். கருவியைப் பார்க்காமல், ஆற்றையும் ரயில் பாதையையும் மட்டும் பார்த்துப் பையன் ஊர் வந்து சேர்கிறானா என்று தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்படிப் பல மாதம் பறந்தும் ஆசை குறையவில்லை என்றால், அடுத்த செலவு இன்னொரு திரை விமானமாக இருக்க வேண்டியதில்லை. விமானிப் படிப்புக்கு நாற்பது, ஐம்பது லட்சம் ரூபாய் என்று ஆகும். கடனுக்கு வங்கி வாசலில் நிற்பதற்கு முன், விமானிகளைப் பரிசோதிக்க அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் ஒரு தடவை போய் வருவது நல்லது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காணும் பார்வை குறைந்திருந்தால், அது அங்கேயே தெரிந்துவிடும்.