பழைய லென்ஸுக்கு பிலிம் கேமரா: பெயரைப் பார்க்காதீர்கள், வளையத்தைப் பாருங்கள்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் பலரும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைப்பது. அப்படி அலமாரியைக் குடையும்போது ஆல்பத்தோடு ஒரு பழைய லென்ஸும் கிடைப்பது உண்டு. வளைகுடா நாட்டில் வேலை பார்த்த பெரியப்பா கொண்டு வந்ததாக இருக்கலாம். மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றின் மிச்சமாகவும் இருக்கலாம். கேமரா எப்போதோ காணாமல் போயிருக்கும். லென்ஸ் மட்டும் கண்ணாடி தெளிவாக, வளையங்கள் வழுவழுவென்று சுழலும் நிலையில் இருக்கும். "இதற்குக் குறைந்த விலையில் ஒரு செகண்ட் ஹேண்ட் பிலிம் கேமரா வாங்கினால் என்ன?" என்ற ஆசை அங்கேதான் தொடங்குகிறது.

ஆசை நல்லதுதான். ஆனால் பெரும்பாலோர் இன்டர்நெட்டில் புகழ்பெற்ற ஒரு கேமராவின் பெயரைப் படித்துவிட்டு, அதே பெயரைத் தேடி, பளபளப்பான படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். பார்சல் வந்த பிறகுதான் கையிலுள்ள லென்ஸ் அதில் பொருந்தாது என்பது தெரிகிறது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும், வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைத் தோல் தொழில் இன்னும் ஒன்றாகவே கட்டி வைத்திருக்கிறது. தோலைக் கையால் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் பகுதி இது. அந்தப் பழக்கத்தைக் கேமரா வாங்கும்போது மட்டும் ஏன் மறக்க வேண்டும்? கையில் எடுத்துப் பார்க்காமல் பழைய கேமரா வாங்கக் கூடாது என்பதே என் கருத்து.

லென்ஸ்தான் கேமராவை முடிவு செய்யும்

கம்ப்யூட்டருக்குக் கூடுதல் ரேம் வாங்கப் போகும்போது, மதர்போர்டில் எந்த வகை ஸ்லாட் இருக்கிறது என்று முதலில் பார்க்கிறோம். லென்ஸும் அப்படித்தான். லென்ஸின் பின்பக்கம் கேமராவில் மாட்டும் உலோக வளையத்துக்கு மவுன்ட் என்று பெயர். பல கம்பெனிகள் தமக்கென ஒரு மவுன்ட் வைத்திருந்தன. எனவே லென்ஸைத் திருப்பிப் பாருங்கள்.

பின்பக்கம் மரை இருந்தால் அது பெரும்பாலும் எம்42 வகை. 42 மி.மீ. விட்டமுள்ள திருகு மரை அது. சோவியத் ஜெனிட், கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, ஜப்பானின் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் எல்லாம் இந்த மரையைத்தான் பயன்படுத்தின. ஹீலியோஸ் 44-2 என்று எழுதிய 58 மி.மீ. லென்ஸ் உங்களிடம் இருந்தால் அதுவும் பெரும்பாலும் இந்த வகைதான்.

மரை இல்லாமல், சிறிது திருப்பினால் பூட்டிக்கொள்ளும் வகை என்றால் முன்பக்க எழுத்தைப் படியுங்கள். ராக்கார் அல்லது எம்டி என்றால் மினோல்டா. சுய்கோ என்றால் ஒலிம்பஸ் ஓஎம். எஃப்டி என்றால் கேனானின் பழைய மவுன்ட். எம்எல் அல்லது டிஎஸ்பி என்றால் யாஷிகா. அபர்ச்சர் வளையத்தின் மேல் முயல் காது போல ஒரு சிறு உலோகத் துண்டு நின்றால் நிக்கான்.

அடாப்டர் போட்டால் சரியாகிவிடுமா?

கடைக்காரர்கள் சுலபமாகச் சொல்லும் பதில் இது. பாதி உண்மை. ஒவ்வொரு மவுன்டிலும் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. எம்42-க்கு 45.46 மி.மீ. நிக்கானுக்கு 46.5 மி.மீ. கேனான் இஓஎஸ்-க்கு 44 மி.மீ. கேனான் எஃப்டி-க்கு 42 மி.மீ. லென்ஸின் தூரம் கேமராவின் தூரத்தைவிட அதிகமாக இருந்தால், இடைவெளியில் அடாப்டர் உட்கார இடம் கிடைக்கும். குறைவாக இருந்தால் இடம் இல்லை. அப்போது பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும், தொலைவில் உள்ள மலையோ கோபுரமோ எவ்வளவு திருப்பினாலும் மங்கலாகவே இருக்கும்.

இந்தக் கணக்கின்படி எம்42 லென்ஸை நிக்கான் கேமராவில் சாதாரண அடாப்டர் வைத்துப் போட்டால் தூரக் காட்சி போய்விடும். அதே லென்ஸ் கேனான் இஓஎஸ் பிலிம் கேமராவில் நன்றாகவே வேலை செய்யும். பென்டாக்ஸ் கே மவுன்டுக்கும் எம்42-க்கும் தூரம் ஒன்றே என்பதால், மெல்லிய வளையம் ஒன்று போதும். கேனான் எஃப்டி லென்ஸ் வைத்திருப்பவர்கள் வேறு கம்பெனி பிலிம் கேமராவைத் தேடி அலைய வேண்டாம். அதற்கு எஃப்டி கேமராதான் வழி.

எதை வாங்கலாம்?

பென்டாக்ஸ் கே1000 பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1976 முதல் 1997 வரை தயாரான கேமரா. போட்டோகிராபி மாணவர்களின் கேமரா என்று பெயர் எடுத்தது. ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கலாம், மீட்டர் மட்டும்தான் நிற்கும். நல்ல கேமராதான். ஆனால் பெயர் பரவியதால் விலையும் ஏறிவிட்டது. அதே கே மவுன்டில் ரிக்கோ, சினான், விவிடார் கம்பெனிகளும் மெக்கானிக்கல் கேமராக்கள் செய்தன. பெயர் தெரியாததால் அவை பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். எழுத்துக்குப் பணம் கொடுப்பதைவிட, நன்றாக ஓடும் ஷட்டருக்குப் பணம் கொடுப்பது மேல்.

யாஷிகா லென்ஸ் என்றால் எஃப்எக்ஸ்-3 வரிசை நல்ல தேர்வு. எடை குறைவு, மெக்கானிக்கல் ஷட்டர், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எல்ஆர்44 பட்டன் பேட்டரி இரண்டு போதும். இதன் மேலுறை உரிந்து போவது பரவலான குறை. அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். மேலுறையை மாற்றி ஒட்டுவது ஆம்பூரில் ஷூ வேலை தெரிந்த யாருக்கும் பெரிய காரியமே இல்லை.

நிக்கான் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஓர் எச்சரிக்கையைக் கவனியுங்கள். எஃப்55, எஃப்65, எஃப்75, எஃப்80 போன்ற ஆட்டோஃபோகஸ் கேமராக்கள் இன்று மலிவாகக் கிடைக்கும். பழைய மேனுவல் லென்ஸ் அவற்றில் மாட்டும், ஆனால் மீட்டர் வேலை செய்யாது. 1977-ல் வந்த எஃப்எம் அல்லது பின்னாளில் வந்த எஃப்எம்10 உங்களுக்குப் பொருந்தும். 1977-க்கு முந்தைய, ஏஐ வகைக்கு மாற்றப்படாத லென்ஸ் என்றால் எஃப்எம்2, எஃப்எம்10 போன்றவற்றில் அழுத்தி மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் சிறு நெம்புகோல் உடையலாம்.

மினோல்டா எஸ்ஆர்டி 101, ஒலிம்பஸ் ஓஎம்-1 ஆகியவை உறுதியான கேமராக்கள். ஆனால் அவற்றின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. அந்த பேட்டரி இப்போது தயாராவதில்லை. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் மீட்டர் அளவு தவறும். இதற்காகப் பயப்பட வேண்டாம். உங்கள் செல்போனில் இலவச லைட் மீட்டர் ஆப் ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த வசதியால் இன்னொரு லாபமும் உண்டு. மீட்டர் செத்துப்போன மெக்கானிக்கல் கேமராவை விற்பவர் விலை குறைத்தே தருவார். உங்களுக்கோ அந்த மீட்டர் தேவையே இல்லை. நம் ஊர் வெயிலில் கணக்கு இன்னும் சுலபம்: 200 ஐஎஸ்ஓ பிலிமுக்கு அபர்ச்சர் 16, ஷட்டர் 1/250 வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை

பின்கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒரு விநாடி, 1/30, 1/1000 என ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அழுத்துங்கள். மெதுவான வேகத்தில் சிக்கி நின்றால், உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது என்று பொருள். வேகமான நிலையில் வெளிச்சமே தெரியாவிட்டால் ஷட்டர் சரியாகத் திறக்கவில்லை. துணித்திரை ஷட்டர் என்றால் லென்ஸைக் கழற்றிவிட்டு, இருட்டில் செல்போன் டார்ச்சை முன்பக்கமாகக் காட்டிப் பாருங்கள். ஊசித் துளி வெளிச்சம் பின்னால் தெரிந்தால் படத்திலும் தெரியும்.

கதவு ஓரத்தில் உள்ள கறுப்பு நுரைப் பட்டையை விரலால் தொடுங்கள். தார் போல ஒட்டினால் மாற்ற வேண்டும். இது சிறிய செலவுதான், பேரம் பேச உதவும். வ்யூஃபைண்டரில் தெரியும் தூசு படத்தில் வராது, அதற்காக நல்ல கேமராவைத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் லென்ஸையே கையோடு கொண்டுபோய் மாட்டி, தூரத்து மலையைப் பாருங்கள். வேலூரிலும் ஆம்பூரிலும் மலைக்குப் பஞ்சமில்லை. முடிவிலிக் குறியில் மலை தெளிவாகத் தெரிந்தால் பாதி சோதனை முடிந்தது. ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்க விற்பவர் ஒப்புக்கொண்டால் மீதிப் பாதியும் முடிந்தது.

கேமராவோடு பழைய தோல் உறையும் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது பயன்படுத்துங்கள், ஆனால் மாதக்கணக்கில் அதற்குள்ளேயே கேமராவைப் பூட்டி வைக்காதீர்கள். ஈரம் ஏறிய தோலில் பூஞ்சை பிடிக்கும் என்பதை டேனரியில் வேலை செய்பவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தப் பூஞ்சை லென்ஸ் கண்ணாடிக்கும் பரவும். காற்றுப் புகாத டப்பாவில், ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தைப் போட்டு வைத்தால் போதும்.

கேமரா விலை ஒருமுறை, பிலிம் விலை ஒவ்வொரு முறையும்

ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் தந்த காலம் போய்விட்டது. இன்று நாம் வாங்குவது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. எனவே கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். உதாரணத்துக்கு ரோல் 800 ரூபாய், கழுவி ஸ்கேன் செய்ய 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 36 படத்துக்கு 1,200 ரூபாய். ஒரு படத்துக்கு 33 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மாதம் ஒரு ரோல் எடுத்தால் வருடத்துக்கு 14,400 ரூபாய். பல செகண்ட் ஹேண்ட் கேமராக்களின் விலையையே தாண்டும் தொகை இது. கையிலுள்ள பணம் முழுவதையும் கேமராவில் போட்டுவிட்டு, பிலிம் வாங்கப் பணமில்லாமல் அதை ஷோகேஸில் வைப்பவர்கள் நிறைய உண்டு.

வீட்டிலேயே ஸ்கேன் செய்யலாமே என்று கேட்பீர்கள். பிரிண்டரோடு சேர்ந்து வரும் சாதாரண ஸ்கேனரில் நெகட்டிவ் வராது. மூடியில் தனி விளக்கும் பிலிம் ஹோல்டரும் உள்ள ஸ்கேனர் வேண்டும். 24க்கு 36 மி.மீ. அளவுள்ள ஒரு நெகட்டிவை 2400 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் சுமார் 77 லட்சம் பிக்சல் கிடைக்கும். சுருக்காத டிஃப் பைலாகச் சேமித்தால் ஒரு படம் சுமார் 23 எம்பி. ஒரு ரோலுக்கு 830 எம்பி வரை போகும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள், இன்னொரு பிரதியும் எடுத்து வையுங்கள்.

"இவ்வளவு தொல்லைக்குப் பதில் மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் அடாப்டர் போட்டு அதே லென்ஸைப் பயன்படுத்தலாமே?" என்ற கேள்வி நியாயமானது. லென்ஸின் படத்தரம் மட்டுமே வேண்டுமென்றால் அது நல்ல வழிதான். மிரர்லெஸ்ஸில் மவுன்ட் தூரம் குறைவு, அதனால் அநேகமாக எல்லாப் பழைய லென்ஸும் பொருந்தும். ஆனால் மலிவான மாடல்களில் சென்சார் சிறியது. 50 மி.மீ. லென்ஸ் அதில் 75 மி.மீ. போல நடந்துகொள்ளும். பிலிமில்தான் அந்த லென்ஸ் எந்த அகலத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்த அகலம் குறைந்த செலவில் முழுதாகக் கிடைக்கிறது. ஒரு ரோலில் 36 படம்தான் என்ற கட்டுப்பாடு, பார்த்து எடுக்கவும் பழக்கிவிடும்.

கடைசியாக ஒன்று. ஆன்லைனில் தேடும் முன் உங்கள் தெருவிலுள்ள பழைய ஸ்டுடியோக்காரரிடம் ஒருமுறை கேளுங்கள். கல்யாண வேலைகள் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு, அவர்களில் பலரிடம் பழைய கேமரா பீரோவில் தூங்குகிறது. விலை படியாவிட்டாலும் ஷட்டர் சத்தத்தைக் கேட்டே குறை சொல்லக்கூடியவர் அவர். பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் அவருக்குத்தான் தெரியும். மெக்கானிக்கல் கேமராவைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் வருடா வருடம் குறைந்துவருகின்றன. அவர்களுக்கு வேலை கொடுக்க ஆள் இருக்கும்வரைதான் உங்கள் லென்ஸுக்கும் கேமரா இருக்கும். ஆகவே பட்ஜெட்டை மூன்றாகப் பிரியுங்கள்: கேமராவுக்கு ஒரு பங்கு, சர்வீஸுக்கு ஒரு பங்கு, பிலிமுக்கு ஒரு பங்கு. கேமராவின் பங்கு மற்ற இரண்டையும் விழுங்குமானால் அந்தக் கேமரா உங்களுக்கு விலை குறைந்தது அல்ல.