பங்குச் சந்தை: வட்டிக்குப் பயந்து சூதில் விழலாமா?

வங்கியில் வைப்பு வைத்தால் வட்டி, அது வேண்டாம் என்று ஒதுங்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணம் மனையாகும், நகையாகும், அல்லது நடப்புக் கணக்கில் சும்மா கிடக்கும். இந்தப் பேணுதலைத்தான் சிலர் குறிவைக்கிறார்கள்.

பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனத்தை மறந்திருக்க மாட்டோம். 'ஹலால் முதலீடு' என்று சொல்லிப் பல்லாயிரம் பேரிடம் பணம் திரட்டியது. பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். 2019 ஜூனில் அதன் நிறுவனர் முஹம்மது மன்சூர் கான் நாட்டைவிட்டே போய்விட்டார். ஜூலையில் டெல்லி வந்திறங்கியபோது கைதானார். அதற்குள் சிவாஜிநகர் அலுவலகத்தின் முன் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். வியாபாரம் என்றால் லாபமும் வரும், நஷ்டமும் வரும். மாதாமாதம் லாபம் மட்டுமே காட்டும் வியாபாரம் எது என்று அன்று எத்தனை பேர் கேட்டோம்?

இன்றைய ஆபத்து நம் பிள்ளைகளின் கைபேசியில் இருக்கிறது. ஷேர் வாங்குகிறேன் என்பார்கள். விசாரித்தால் பெரும்பாலும் ஆப்ஷன் வர்த்தகம். 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று ஆண்டுகளில் இந்த எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியே ஆய்வு செய்து சொன்னது. 2024-25இல் மட்டும் இழப்பு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. ஒருவர் எடுப்பது இன்னொருவர் விட்டதுதான். குறித்த நாளுக்குள் விலை நினைத்த பக்கம் போகாவிட்டால் கட்டிய தொகை முழுவதும் போகும். தரகுக் கட்டணம் மட்டும் இருவரிடமும் வசூலாகும். மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் இதைக் கூடாது என்பதன் காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல.

பங்கு வாங்குவது வேறு. அது ஒரு தொழிலில் கூட்டு. மது, சூதாட்டம், வட்டித் தொழில் நடத்தும் நிறுவனங்களை விலக்கிவிட வேண்டும். வங்கிப் பங்குகளும் இதில் போய்விடும். மீதமுள்ளவற்றில் வட்டிக் கடன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்துக்குள், கூடாத வருமானம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பஹ்ரைனில் இயங்கும் அயோஃபி அமைப்பின் அளவுகோல். அந்தச் சிறு பங்கையும் கணக்கிட்டு, நன்மை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு நிறுவனமாகப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு நிஃப்டி 50 ஷரீஆ குறியீட்டுப் பட்டியலும் டாடா எத்திகல் போன்ற பரஸ்பர நிதிகளும் உள்ளன.

ஆனால் ஹலால் என்பதால் விலை இறங்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. ஜூனில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுக்க வேண்டியவர் நஷ்டத்தில் விற்றார். காத்திருக்க முடிந்தவருக்கு அந்த நவம்பரிலேயே குறியீடு பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணம்தான் சந்தைக்கு உரியது. மகளின் திருமணப் பணம் அல்ல, கடன் வாங்கிய பணம் அறவே அல்ல.

இதை எடுத்துச் சொல்ல நம்மிடம் ஆள் குறைவு. வணிகவியல் படித்த நம் இளைஞர்களுக்கு இது நல்ல தொழில். பரஸ்பர நிதி விநியோகஸ்தராக வேண்டுமானால் என்.ஐ.எஸ்.எம். தேர்வு எழுதி ஆம்ஃபி பதிவு எண் பெறலாம். வருமானம் நிதி நிறுவனம் தரும் கமிஷன். முதலீட்டு ஆலோசகர் என்றால் செபி பதிவு வேண்டும், கட்டணம் வாடிக்கையாளரிடம் நேரடியாக வாங்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் வருமானம் சொற்பம்தான். அவசரப்பட்டவர்கள்தான் வாட்ஸ்அப் குழு தொடங்கி 'டிப்ஸ்' விற்கப் போகிறார்கள்.

முறையாகத் தொழில் செய்பவர் உங்கள் பணத்தைத் தன் கணக்கில் வாங்க மாட்டார். பணம் நேராக நிதி நிறுவனத்துக்கோ தரகு நிறுவனத்துக்கோ போகும், பங்கு உங்கள் பெயரில் டீமேட் கணக்கில் நிற்கும். பதிவு எண்ணைச் செபி, ஆம்ஃபி இணையதளங்களில் ஐந்தே நிமிடத்தில் சரிபார்க்கலாம். ஜமாஅத்தில் தெரிந்தவர், தாடி வைத்தவர், உறவுக்காரர் என்றாலும் பாருங்கள். நேர்மையான ஆலோசகர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.