கோரிக்கைப் பட்டியலில் விட்டுப்போன வரி

சென்னையின் தொழிற்சங்க வரலாற்றைப் பேச எழுகிற எவரும் 1918 ஏப்ரல் 27இல் தொடங்குவார்கள். பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த நாள் அது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்று பெயர்கள் வரும். அடுத்த மூச்சில் 1923 மே தினம், சிங்காரவேலர், கடற்கரை. நடுவில் இருக்கிற 1921ஐ ஒரே தாவலில் கடந்துவிடுவார்கள். நாங்கள் அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு மில்லில் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அதில் சேரவில்லை. எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்றார். மோதல் மூண்டது, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சில மாதங்களில் வேலைநிறுத்தம் தோற்றது. 'கருங்காலிகளால் தோற்றோம்' என்ற ஒற்றை வரியோடு அந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். கம்பெனி இந்தப் பிளவை வைத்துக் குளிர்காய்ந்தது உண்மை. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் சேரிக்காரனைப் பட்டினிக்கு அழைத்தவர்கள், ஜெயித்தால் அவனுக்கு என்ன மாறும் என்று அவனிடம் சொன்னார்களா? அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஏழு ஆண்டு கழித்து பம்பாயில் அதைக் கேட்க ஒருவர் இருந்தார். 1928இல் பம்பாய் பஞ்சாலைகள் ஆறு மாதம் நின்றன. அந்த ஆலைகளில் கூலி அதிகம் கிடைத்தது நெசவுப் பிரிவில். அங்கே தீண்டத்தகாதவர்களுக்கு வேலை கிடையாது. காரணம் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. தறி நாடாவில் புது நூல் கோக்கும்போது அதன் துளையில் வாய் வைத்து நூல் நுனியை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு மகர் வாய் வைத்த நாடாவில் அடுத்த ஷிப்டில் ஒரு மராத்தா எப்படி வாய் வைப்பான்? இந்தத் தடையை விதித்தது முதலாளி அல்ல. பக்கத்துத் தறியில் நின்ற சக தொழிலாளிதான்.

அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் போனார். நெசவுப் பிரிவின் கதவைத் திறப்பதையும் கோரிக்கையில் சேருங்கள், இல்லையென்றால் எங்கள் ஆட்களை வேலைநிறுத்தத்துக்கு வரச் சொல்ல மாட்டேன் என்று நின்றார். அரை மனதோடு சேர்த்தார்கள். கோரிக்கை முதலாளிகள் முன் போனபோது, இது அநியாயம் என்றால் இதைச் செய்தது நாங்கள் இல்லையே என்று அவர்கள் கையை விரித்தார்கள். முதலாளி சொன்னதிலும் ஒரு உண்மை இருந்தது என்பதுதான் நமக்கு இன்றும் உறுத்துகிறது.

1938 பிப்ரவரியில் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டிலும் அவர் இதையே வேறு உதாரணத்தில் சொன்னார். தண்டவாளத்தில் கேங்மேனாகச் சேர்ந்தவன் கடைசிவரை கேங்மேன். போர்ட்டராகக்கூட ஆக முடியாது. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், சாதி இந்துவான மாஸ்டர் வீட்டுக்குள் இவன் நுழைய முடியாது. பார்ப்பனியம், முதலாளியம் என்று இரண்டு எதிரிகளை அவர் சொன்னது இந்த மேடையில்தான். அதற்காக அவரைத் தொழிலாளர் ஒற்றுமையைக் குலைத்தவர் என்று ஏசியவர்கள் உண்டு. அதே ஆண்டு நவம்பர் 7இல், வேலைநிறுத்த உரிமையை நெரிக்க வந்த தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயை நிறுத்தியவரும் அவரே.

நம் ஊரிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1940களில் கீழத்தஞ்சையில் சீனிவாச ராவ் உள்ளிட்ட தோழர்கள் பண்ணையாட்களைத் திரட்டியபோது கூலி நெல்லை மட்டும் கேட்கவில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்பதைச் சங்கத்தின் கோரிக்கையாக வைத்தார்கள். அதனால்தான் சேரி முழுக்க அந்தக் கொடியின் கீழ் வந்தது. 1968இல் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குக் கூலி மட்டும் காரணம் என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கேட்ட நெல்லைவிட, கேட்கத் துணிந்தவர்கள் யார் என்பதே பண்ணையாரைக் கொதிக்க வைத்தது.

இப்போது ரிப்பன் மாளிகை வாசலுக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் 13 நாள் அங்கே உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள், குப்பை அள்ளும் வேலை தனியாருக்குப் போன ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் பெண்கள். புளியந்தோப்பு இருப்பது அந்தத் திரு.வி.க. நகர் மண்டலத்தில்தான். நள்ளிரவில் போலீஸ் அவர்களை இழுத்துப்போட்டு வண்டியில் ஏற்றியதை நாடே பார்த்தது.

அப்போது நம் தரப்பிலேயே ஒரு கேள்வி எழுந்தது. பணி நிரந்தரம் கேட்பது சாதித் தொழிலையே நிரந்தரமாக்குவது ஆகாதா? கேள்வி பொய்யானதல்ல. ஆனால் அதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் மாதச் சம்பளம் நிச்சயமில்லாமல் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள்? காண்ட்ராக்டில் இருப்பவளின் மகளும் துடைப்பத்தைத்தான் எடுப்பாள். சம்பளமும் பி.எஃப்.பும் உள்ளவளின் மகள் வெளியேற ஒரு வழியாவது இருக்கிறது. அம்பேத்கர் 1928இல் மில்லை விட்டு வெளியே வா என்று சொல்லவில்லை. அடுத்த பிரிவின் கதவைத் திற என்றார்.

எங்களுக்கு உள்ள குறை வேறு. பந்தலில் ஒலித்த கோரிக்கைகளில் நிரந்தரம் இருந்தது, சம்பளம் இருந்தது. பதவி உயர்வு உரக்க ஒலிக்கவில்லை. பத்து வருடம் தெருவைக் கூட்டியவர் ஓட்டுநராகவோ மேற்பார்வையாளராகவோ எழுத்தராகவோ ஆக என்ன வழி? இதே மாநகராட்சியில் அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அடுத்த கோரிக்கைப் பட்டியல் எழுத உட்காரும் தோழர்கள் அதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் ஊர் உள்ளாட்சியில் தூய்மைப் பணியிலிருந்து வேறு பணிக்குக் கடந்த இருபது ஆண்டில் எத்தனை பேர் உயர்த்தப்பட்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனு எழுதித் தர நாங்கள் இருக்கிறோம். பதில் வந்ததும் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.