முப்பது விநாடி சோகம்

இப்போதெல்லாம் இசையமைக்க ஸ்வரம் தெரிய வேண்டியதில்லை. நாலு வார்த்தை தட்டத் தெரிந்தால் போதும். 'சோகமான புல்லாங்குழல், மெதுவான தாளம், கிராமத்துச் சூழல், முப்பது விநாடி' என்று எழுதிக் கொடுத்தால், ஸூனோ போன்ற யந்திரங்கள் காபி ஆறுவதற்குள் வாசித்துத் தள்ளிவிடுகின்றன. யூடியூபில் வீடியோ போடுகிறவர் அதைப் படத்துக்கு அடியில் ஒட்டிவிட்டு, 'பின்னணி இசை' என்று தம் பெயரையும் போட்டுக்கொள்கிறார்.

இந்த வார்த்தைச் சீட்டுக்குப் பிராம்ப்ட் என்று பெயர். நம் நாடகக் கம்பெனிகளில் பக்கப் படுதாவுக்குப் பின்னால் நின்று நடிகருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவரும் பிராம்ப்டர்தான். பாவம், அந்த மனிதர் ஒருநாளும் நாடகத்தை நானே எழுதினேன் என்று மார் தட்டியதில்லை! அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமும், வெறும் பிராம்ப்ட் எழுதிய மாத்திரத்தில் ஒருவர் கர்த்தா ஆகிவிட மாட்டார் என்று 2025 ஜனவரி அறிக்கையில் சொல்லிவிட்டது. சட்டம் கிடக்கட்டும். என் வழக்கு வேறு.

நான் வார்த்தைகளை விற்றுப் பிழைக்கிறவன். 'சோகம்' என்பது எவ்வளவு சோனியான வார்த்தை என்பது எனக்குத் தெரியும். 'அவள் சோகமாக இருந்தாள்' என்று எழுதினால் எந்த வாசகரும் கண் கலங்க மாட்டார். 'பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே அவள் சும்மா நின்றாள்' என்றால், ஏதோ நடந்துவிட்டது என்று அவர் நெஞ்சு துணுக்குறும். பிராம்ப்ட் எழுதுகிறவர் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார். யந்திரமோ தனக்குத் தெரிந்த லட்சம் சோகங்களை ஆட்டுக்கல்லில் போட்டு அரைத்து ஒரு கரண்டி ஊற்றுகிறது. சாவு வீட்டுக்கும் அந்தக் கரண்டிதான். காணாமற்போன நாய்க்குட்டிக்கும் அதே கரண்டிதான்.

பின்னணி இசைக்காரனின் முதல் வேலை வாசிப்பதல்ல, பார்ப்பது. 1955-ல் வெளிவந்த சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து திரும்பிய தகப்பன், மகள் இறந்தது தெரியாமல், அவளுக்கு வாங்கி வந்த புடவையை எடுத்து நீட்டுகிறான். தாய் வெடித்து அழுகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் கதறுகிறது. படத்துக்கு இசை ரவிசங்கர். 'பெற்றவளின் வாயை மூடிவிட்டு வாத்தியத்தை அழவிடு' என்பது, படத்தின் முன்னால் உட்கார்ந்து நெஞ்சு பதைத்தவர்களுக்குத்தான் தோன்றும். 'சோக இசை, முப்பது விநாடி' என்று சீட்டெழுதுகிறவருக்கு அது எங்கே தோன்றும்?

'வாத்தியக்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லை, ஸார். வேறு பாட்டை எடுத்துப் போட்டால் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்கிறது' என்கிறார்கள். நியாயந்தான். ஆனால் யந்திரம் யாரிடம் பாடம் கேட்டது? இணையத்தில் எட்டுகிற, சுமாரான தரமுள்ள இசைக் கோப்புகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொண்டு பழக்கினோம் என்று ஸூனோ கம்பெனியே 2024 ஆகஸ்டில் கோர்ட்டில் சொல்லியிருக்கிறது; அது சட்டப்படி நியாயமான உபயோகம் என்றும் வாதாடியது. 2024 ஜூனில் வழக்குப் போட்ட பெரிய ரிக்கார்டு கம்பெனிகளில் ஒன்றான வார்னர் 2025 நவம்பரில் சமரசமாகிவிட்டது. முதலாளிகள் கை குலுக்கிக்கொண்டார்கள். அந்த ரிக்கார்டுகளில் எங்கோ மூலையில் புல்லாங்குழல் வாசித்துவிட்டு அன்றைய கூலியோடு வீட்டுக்குப் போனவரை யார் விசாரித்தார்கள்?

இன்னொன்று. எல்லா வீடியோவுக்கும் இசை எதற்கு? பாட்டி முறுக்குப் பிழிகிறாள். அச்சு கிறீச்சிடுகிறது, எண்ணெய் சலசலக்கிறது, நடுவில், "அடியே, தீயைக் குறைடி!" என்று அதட்டல் வேறு. பேரன் அத்தனையையும் அமுக்கிவிட்டு, மேலே 'இதமான வீணை' ஓட விட்டிருக்கிறான். வீணையை நிறுத்திவிட்டு ஒரு தரம் பாட்டியைக் கேள், தம்பி. அவள் அதட்டுகிற அதட்டலுக்கு நீ என்ன பிராம்ப்ட் எழுதப் போகிறாய்?