பாட்டை எழுதிவைக்கப் பணம் தேவையா?

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தமிழர்களிடையே இசை ஆர்வத்திற்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் 1928-இல் பிறந்த எலப்புள்ளியும், செம்பை வைத்தியநாத பாகவதரின் பெயரோடு இணைந்த செம்பை கிராமமும் இதே பாலக்காடு மாவட்டத்தில்தான் உள்ளன. பகலெல்லாம் ஆலையிலோ ஆபீசிலோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் பஜனைக் கோஷ்டியிலும் மாதா கோயில் பாடற்குழுவிலும் மெல்லிசைக் குழுவிலும் சேர்ந்து பாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆயினும் ஒரு பெருங்குறை உண்டு. இவர்கள் பாடும் மெட்டுக்களில் பல, குழுவின் மூத்தவர் ஒருவரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாலோ, காலமானாலோ, மெட்டும் அவரோடு போய்விடுகிறது. கைப்பேசியில் பதிவு செய்துகொண்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். பதிவைக் கேட்டு மகிழலாம். ஆனால் இரண்டாம் குரல் எந்த ஸ்வரத்தில் தொடங்கவேண்டும், வயலின் எங்கே நிற்கவேண்டும் என்பதைப் புதிதாக வருபவருக்கு எழுத்துதான் தெளிவாகக் காட்டும்.

இதை நன்கு உணர்ந்தவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். சென்னை அரசுச் செயலகத்தில் சூப்பரிண்டெண்டாக உத்தியோகம் பார்த்த அவர், கர்நாடக இசைப் பாடல்களை மேற்கத்திய ஐந்து கோட்டு முறையில் எழுதி, 1893-இல் அச்சிட்டு வெளியிட்டார். சுப்பராம தீட்சிதரின் மாபெரும் ஸ்வர நூல் 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவருவதற்கும் அவருடைய தூண்டுதல் ஒரு காரணமாக இருந்தது. இசைக் குறிகளை அச்சுக் கோப்பது அந்நாளில் பெருஞ்செலவு பிடிக்கும் காரியம். சொந்தப் பணத்தைச் செலவிட்டு அவர் செய்த வேலையை, இன்று வீட்டிலுள்ள கம்ப்யூட்டரில் காலணாச் செலவின்றிச் செய்துவிடலாம்.

அப்படியிருக்க, ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து சாப்ட்வேர் வாங்க வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. வாங்க இயலாதவர்கள் திருட்டுப் பிரதியைத் தேடுகிறார்கள். அது சட்ட விரோதம் என்பது ஒருபுறமிருக்க, அதனோடு வைரஸும் வந்து கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடக்கூடும். இரண்டுமே தேவையற்றவை.

முதலில் எவ்வகை இசையை எழுதப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். கீபோர்டு, கித்தார், வயலின், பல குரல்கள் சேர்ந்து பாடும் பாடற்குழு ஆகியவற்றுக்கு ஐந்து கோட்டு முறையே ஏற்றது. இதற்கு ‘மியூஸ்ஸ்கோர்’ போதும். அது முற்றிலும் இலவசம். எழுதியதை வாசித்துக் காட்டும். சுருதியை ஏற்றி இறக்கித் தரும். பாட்டின் வரிகளைத் தமிழிலேயே சேர்க்கலாம். அண்மைப் பதிப்பு ஓடாத பழைய கம்ப்யூட்டரில் முந்தைய மூன்றாம் பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். ஓர் எச்சரிக்கை அவசியம். ‘டாட் காம்’ என்று முடியும் மியூஸ்ஸ்கோர் தளம், பாடல் தாள்களுக்குச் சந்தா கேட்கும். சாப்ட்வேர் இலவசமாகக் கிடைப்பது ‘டாட் ஓ.ஆர்.ஜி.’ என்று முடியும் தளத்தில். இந்த வேறுபாடு தெரியாமல் பணம் கட்டிவிடக் கூடாது. பெரிய நிறுவனங்களின் சிபேலியஸ், டோரிகோ ஆகியவற்றிலும் வசதி குறைந்த இலவசப் பதிப்புகள் உண்டு.

கர்நாடக முறையில் பாடுகிறவர்களுக்கு இவற்றில் எதுவுமே கட்டாயமில்லை. ‘லிப்ரே ஆபீஸ்’ என்ற இலவச சாப்ட்வேரில் ஒரு கட்டம் போட்டால் போதும். ஆதி தாளமானால் எட்டுக் கட்டங்கள். லகுவுக்கு நான்கு, இரண்டு திருதங்களுக்கு இரண்டிரண்டு. மேல் வரியில் ஸ்வரம், கீழ் வரியில் சாகித்தியம். நீட்டலுக்குக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் ஏற்கெனவே வழக்கில் உள்ளவை. கமகத்தை எந்த சாப்ட்வேரும் முழுமையாக எழுதிவிட முடியாது. அதற்கு குருவின் வாய்ப்பாடமே வேண்டும்.

விலையைக் காட்டிலும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுதியதை நாளை வேறு சாப்ட்வேரில் திறக்க முடியுமா என்பதே அது. 1988-இல் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற ‘ஃபினாலே’யை, இனி மேம்படுத்தப் போவதில்லை என்று அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. பெரும் பணம் கொடுத்து வாங்கியவர்கள், முப்பது ஆண்டுக் காலம் எழுதியவற்றை அவசர அவசரமாக வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அவர்களுக்குக் கைகொடுத்தது ‘மியூசிக் எக்ஸ்.எம்.எல்.’ என்ற பொது வடிவம். எந்த சாப்ட்வேரில் எழுதினாலும் இந்த வடிவில் ஒரு பிரதியையும், பி.டி.எப். வடிவில் ஒரு பிரதியையும் சேமித்து, காகிதத்தில் ஒன்றை அச்செடுத்தும் வைத்துவிட்டால் இத்தகைய தொல்லைக்கு இடமிராது.

கேரளத்தில் இதைக் கற்பது கடினமன்று. இங்குள்ள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற மென்பொருள்களையே பிள்ளைகள் பயில்கிறார்கள். மியூஸ்ஸ்கோரும் லிப்ரே ஆபீஸும் அந்த லினக்ஸிலும் ஓடக்கூடியவை. அப்பாவுக்குப் பாட்டுத் தெரியும், மகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்றால், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தாலே போதும்.

ஒவ்வொரு குழுவும் மாதம் ஒரு பாட்டை எழுதினால், ஆண்டுக்குப் பன்னிரண்டு பாட்டுக்கள் சேரும். அவற்றின் அச்சுப் பிரதி ஒன்றை ஊர் வாசகசாலையில் கொடுத்துவைக்கலாம். பிழைப்புக்காக ஊர் மாறி ஊர் போய்க்கொண்டிருக்கும் மக்களுக்கு இது மிகவும் அவசியம். மூத்தவர்களின் குரல் தெளிவாக இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.