வேலை அங்கே, வேலையாள் இங்கே

ஒருவர் ஒரு நாட்டில் வாழ்ந்துகொண்டே இன்னொரு நாட்டில் வேலை செய்தல் கூடுமா? முப்பது ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் இவ்வினாவை எழுப்பியிருந்தால் மாணவர் நகைத்திருப்பர். உழவன் வயலில் நின்றே உழவேண்டும். தச்சன் பட்டறையில் இருந்தே இழைக்கவேண்டும். எழுதுவினைஞன் கந்தோருக்குச் சென்றே எழுதவேண்டும். இதுவே நெடுங்கால வழக்கு. கணினியும் கடலடிக் கம்பிவடமும் கூடி இன்று அவ்வழக்கின் ஒரு பகுதியை மாற்றிவிட்டன. கணக்கெழுதுவோர், கட்டடப் படம் வரைவோர், மொழிபெயர்ப்போர், கணினிக்கு நிரல் எழுதுவோர் ஆகியோருக்கு முதலாளி ஒரு கண்டத்திலும் மேசை வேறொரு கண்டத்திலும் இருத்தல் இயல்பாயிற்று. இதனைக் கண்ட சில தீவு நாடுகள், இத்தகையோர் சிறிது காலம் தங்கி வேலை செய்வதற்கெனப் புதியதோர் அனுமதிப்பத்திரத்தை உண்டாக்கியுள்ளன. அதன் பொருள் யாது, அதனால் நன்மை அடைவார் யார், கடமை ஏற்பார் யார் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் பரவியபோது உலகின் விமானங்கள் பெரும்பாலும் நின்றன. பெருநாடுகளுக்கு அது பொருளிழப்பு; சுற்றுலாவை நம்பி வாழும் சிறு தீவுகளுக்கோ அது சோற்றுக்கே வந்த இடையூறு. அவ்வாண்டு யூலை மாதத்தில் பிரதமர் மியா மொட்லியின் தலைமையில் இருந்த பாபடோஸ் அரசாங்கம் ஒரு வழி கண்டது. இரண்டு வாரம் தங்கும் உல்லாசப் பிரயாணி வாராவிடில், தம் வேலையைத் தம்முடன் கொண்டுவந்து பன்னிரண்டு மாதம் தங்குவோரை அழைக்கலாம் என்பது அவ்வழி. ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டொலர் வருமானம் உள்ளவர் விண்ணப்பிக்கலாம் என்றும், கட்டணம் தனியொருவருக்கு 2,000 டொலர், குடும்பத்துக்கு 3,000 டொலர் என்றும் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஐஸ்லாந்து, மாதம் பத்து இலட்சம் குரோனா ஈட்டுவோருக்கு 180 நாள் தங்க இடமளித்தது. 2024இல் யப்பான், ஆண்டுக்கு ஒரு கோடி யென் வருமானம் உள்ளவருக்கு ஆறு மாதம் என வகுத்தது. அதிலும், தன்னோடு வரி உடன்படிக்கையும் விசா விலக்கும் உடைய நாடுகளின் குடிமக்களுக்கே அவ்வாய்ப்பை வைத்தது. இவை யாவற்றிலும் வாயிற்காவலனாக நிற்பது வருமானமே என்பது வெளிப்படை.

இவற்றுள் மொறீசியசை மட்டும் எடுத்துச் சற்று விரிவாக நோக்க விரும்புகிறேன். அத்தீவின் பணத்தாளில் தமிழெழுத்து உண்டு. தைப்பூசக் காவடி அங்கே அரசாங்க விடுமுறை நாள். அது மட்டுமன்று. வேலைக்கும் இடத்துக்கும் உள்ள உறவை அத்தீவின் வரலாறு போல் தெளிவாகக் காட்டும் வரலாறு அரிது.

2019இல் ஏறத்தாழப் பதின்மூன்று இலட்சத்து எண்பதாயிரம் பிரயாணிகள் மொறீசியசுக்கு வந்தனர். அடுத்த ஆண்டில் அத்தொகை மூன்று இலட்சம் அளவுக்கு இறங்கிற்று. அந்த இடரின் நடுவே, யூலை மாதத்தில் வகாசியோ என்னும் கப்பல் தென்கிழக்குப் பவளப்பாறையில் தட்டி நின்று, மறுமாதம் கடலில் எண்ணெயைக் கொட்டிற்று. இத்தகைய ஆண்டின் இறுதியிலேதான் பிரீமியம் விசா என்னும் அனுமதி பிறந்தது.

தொடக்க ஆண்டுகளில் வகுக்கப்பட்ட அதன் விதிகள் எளியவை. விண்ணப்பம் இணையவழியே செய்யப்படும், கட்டணம் இல்லை. கடவுச்சீட்டு, ஒளிப்படம், பயணத்துக்கும் சுகாதாரத்துக்கும் காப்புறுதி, மாதம் 1,500 அமெரிக்க டொலருக்குக் குறையாத வருமானத்துக்குச் சான்று ஆகியவை வேண்டும். காலம் ஓராண்டு, பின்பு புதுப்பிக்கலாம். இவற்றினும் முக்கியமான நிபந்தனைகள் இரண்டு. தொழிலின் தலைமையிடமும் வருவாயின் ஊற்றும் மொறீசியசுக்கு வெளியே இருத்தல் வேண்டும். உள்நாட்டுத் தொழிற்சந்தையில் புகுதல் கூடாது.

வெளிநாட்டு நிறுவனமொன்றுக்குக் கணினிவழி வேலை செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் இவ்விதிகளைக் கொணர்ந்து காட்டி, "ஐயா, நான் மேசைபோட்டு இருக்கும் ஊரில் வேலை செய்கிறேனா, சம்பளம் வரும் ஊரில் வேலை செய்கிறேனா?" என்று கேட்டார். இலக்கணம் கற்பிப்பவனிடம் கேட்கத்தக்க வினாவே. வேற்றுமை மாறினாற் பொருள் மாறும் அல்லவா?

"தம்பி, உமது உடல் ஓரிடத்திலும் ஊதியம் ஓரிடத்திலும் இருப்பதால் சட்டமும் இரண்டு விடை சொல்லும்" என்றேன். குடிவரவுச் சட்டத்தின் கண்ணுக்கு அவர் செய்யும் வேலை வெளிநாட்டது. வரிச் சட்டத்தின் கண்ணுக்கோ, ஓராண்டில் 183 நாள் தங்கியவர் வதிவாளர். ஆயினும், இவ்வனுமதி உடையோர் தம் வெளிநாட்டு வருமானத்தை மொறீசியசுக்குள் கொண்டுவந்தால் மட்டுமே அது வரிக்கு உரியதாகும் என்றும், வெளிநாட்டு வங்கி அட்டையாற் செலவிடும் பணம் கொண்டுவந்ததாகக் கருதப்படாது என்றும் பின்பு விதி செய்தனர். ஆகவே, அங்கே உறங்கி, அங்கே உண்டு, அங்கே வேலை செய்யும் ஒருவர், வருமானவரியைப் பொறுத்தவரை அங்கே இல்லாதவராகவே இருத்தல் கூடும்.

தமிழ் வழக்கில் ஊருக்கு வருவோரை மூவகையாகக் கொள்ளலாம். கடந்து செல்பவர் வழிப்போக்கர். வந்து உண்டு மீள்பவர் விருந்தினர். விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதை மாணவர் அறிவர். புதுமை நீங்கியவர் விருந்தினர் ஆகார். வந்து தங்கி, ஊரின் நன்மை தீமைகளிற் பங்கு கொள்பவர் குடிகள். ஓராண்டு தங்கி, மறுபடியும் ஓராண்டு நீட்டி, ஆயினும் ஊரின் தொழிலிலும் வரியிலும் வாக்கிலும் பங்கு கொள்ளாதவரை இம்மூவருள் எவருடன் சேர்ப்பது? நான்காம் வகையொன்று தோன்றியிருக்கிறது. அதற்குச் சொல் இனிமேற்றான் அமையவேண்டும். சொல் இல்லாத இடத்திற் கடமையும் தெளிவாக இராது.

இனி, வரலாற்றை நோக்குவாம். 1834ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அற்லஸ் என்னும் கப்பல் 36 இந்தியத் தொழிலாளருடன் போர்ட் லூயிஸ் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய துறைகளிலிருந்து நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாய் அங்கே இறங்கினர். அவர்கள் ஏறிய கற்படிகள் ஆப்பிரவாசி காட் என்னும் பெயரால் 2006இல் உலகப் பண்பாட்டுச் சின்னமாக ஏற்கப்பட்டன. ஒப்பந்தக் காலம் முடிந்தவர்க்கும் விடுதலை முழுமையாகக் கிட்டவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டம், அவர்கள் ஒளிப்படம் ஒட்டிய சீட்டை எந்நேரமும் தம்மிடம் வைத்திருக்கவேண்டும் என்றது. தம் மாவட்டத்தை விட்டு அப்பாற் செல்ல அனுமதி வேண்டும் என்றது. வேலையின்றி இருப்போரை அலைகுடிகள் எனப் பிடித்துத் தண்டித்தது. அதோல்ப் தெ பிளவிற்ஸ் என்பவர் 1871இல் ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரின் ஒப்பத்துடன் முறைப்பாட்டு மனு அனுப்பிய பின்னரே அரச ஆணைக்குழு விசாரணைக்கு வந்தது. நம் தோட்டங்களில் 1921 வரை வழங்கிய துண்டு முறையைக் கற்றவர்க்கு, ஒரு சிறு காகிதம் மனிதனை நிலத்தோடு எவ்வாறு கட்டும் என்பது விளங்கும்.

பழைய சீட்டையும் புதிய அனுமதியையும் ஒன்றென்று நான் கூறவில்லை. கட்டாயத்தாற் கிடந்தவனையும் விருப்பத்தால் வந்தவரையும் ஒரு தராசில் இடுவது அறியாமை. ஆயின், இரண்டிலும் ஒளிப்படம் உண்டு, காலவரை உண்டு, வேலையைப் பற்றிய நிபந்தனை உண்டு. இங்கே வேலை செய்யாதிருத்தல் குற்றம் என்றது பழையது. இங்குள்ளாரிடம் வேலை செய்தல் குற்றம் என்கிறது புதியது. ஏழை வந்தபோது அரசு அவன் உழைப்பைக் கேட்டது. வசதியுடையவர் வரும்போது அவர் செலவை மட்டும் கேட்கிறது.

இக்காலத்திலேயே அத்தீவினுள் இன்னொரு காட்சி உண்டு. எபென் என்னும் இடத்திற் கணினி நகரம் ஒன்று எழுந்துள்ளது. அங்குள்ள இளைஞர் பலர் பிரான்சு முதலிய நாடுகளின் நிறுவனங்களுக்காகத் தொலைபேசியிற் பதில் கூறுகின்றனர். கணக்கும் கடிதமும் பார்க்கின்றனர். தென்னாபிரிக்காவையும் மலேசியாவையும் இணைத்து 2002இல் இயங்கத் தொடங்கிய கடலடி வடம் மொறீசியசையும் தொட்டுச் செல்கிறது. இத்தகைய வடங்களின் வழியே எபென் இளைஞரின் உழைப்பும் செல்கிறது. கடற்கரை வீட்டில் அமர்ந்த அனுமதியாளரின் உழைப்பும் செல்கிறது. இருவருக்கும் முதலாளி கடலுக்கு அப்பால். வேறுபாடு யாதெனின், ஒருவருக்கு ஊதியம் உள்நாட்டு அளவாலும் மற்றவருக்கு வெளிநாட்டு அளவாலும் அளக்கப்படுகிறது. ஒரே தெருவில் ஒரு வீடு வாடகைக்கு வருமாயின், அதனைப் பெறுபவர் யார் என்பதை ஊகிக்க நீண்ட ஆராய்ச்சி வேண்டுவதில்லை. உள்நாட்டாரின் வேலையைக் காக்கவே தொழிற்சந்தை நிபந்தனை இடப்பட்டது. அவர்களின் வீட்டைக் காக்க நிபந்தனை இடப்படவில்லை. என் கருத்தில் இத்திட்டத்தின் பெருங்குறை இதுவே.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. வந்தவர் வாங்கும் பொருள்களுக்கு நூற்றுக்குப் பதினைந்து வீதமான பெறுமதி சேர் வரியைச் செலுத்துகிறார். வீட்டுக்காரருக்கு வாடகை, கடைக்காரருக்கு வியாபாரம், சாரதிக்குக் கூலி ஆகியவை அவரால் வருகின்றன. உல்லாசப் பிரயாணியிடம் வருமானவரி கேட்பார் உளரோ என்பர். உண்மையே. வறண்ட ஆண்டில் வந்த சிறு மழையையும் வேண்டாம் என்று கூறும் நிலையில் எத்தீவும் இல்லை. ஆயினும் பத்து நாள் தங்குபவர் வேறு. பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்து, தண்ணீரும் வீதியும் ஆண்டு முழுவதும் பயன்படுத்துபவர் வேறு. அவர் தம் சொந்த நாட்டிலும் வரியிலிருந்து விலகி, இங்கும் விலகுவாராயின், அவர் பயன்படுத்தும் வீதிக்குப் பணம் கொடுப்பவர் எபென் இளைஞரும் கரும்புத் தோட்டத் தொழிலாளியுமே.

இலங்கையிலும் இத்தகைய அனுமதியைப் பற்றிய யோசனைகள் 2020க்குப் பின் எழுந்துள்ளன. அந்நியச் செலாவணிக்கு நாம் பட்ட பாட்டை 2022ஆம் ஆண்டு கண்ட எவரும் மறவார். ஆதலின் வருவோரை அழைத்தல் தவறென்று நான் சொல்லேன். சொல்வது இவ்வளவே. விண்ணப்பத்தில் வருமானம் எவ்வளவு என்று கேட்பது போதாது. ஆறு திங்களுக்கு மேல் தங்குவோரிடம் சிறியதேனும் ஒரு பங்கு பெற்று, அவர்கள் தங்கும் ஊரின் நீருக்கும் பள்ளிக்கும் செலவிட வேண்டும். அவர்களுக்கு வாடகைக்கு விடப்படும் வீடுகளைப் பதிவு செய்து, எந்த ஊரில் வாடகை எவ்வாறு மாறுகிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சம்பளம் பெறாது உள்ளூர் மாணவருக்குத் தம் கலையைக் கற்பிக்க விரும்புவோர்க்குச் சட்டம் தடையாக நிற்றல் ஆகாது. வெளிநாட்டு ஊதியத்தைத் தரும் அக்கலை நம் பிள்ளைகளுக்கும் கைவந்தால், அவர்களும் தம் ஊரிலிருந்தே அவ்வூதியத்தைப் பெறுவர்.

வரலாறும் குடியியலும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவகம் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளையும் ஒளிப்படங்களையும் காத்து வருகிறது. அக்காலத்துச் சீட்டு மனிதனிடம் யாது கேட்டது, இக்காலத்து அனுமதி யாது கேட்கிறது என்பதை உயர்வகுப்பு மாணவர் இரு நிரலாக எழுதிப் பார்க்கட்டும். கேட்கப்படாது விடப்பட்டவற்றுக்கு மூன்றாம் நிரல் ஒன்றும் இடுக. நம் நாட்டின் விண்ணப்பப் படிவத்தில் இடம்பெறவேண்டிய வினாக்களை அம்மாணவரே நமக்குக் கூறுவர்.